மருதுவின் தூக்கம்

1970-ஆம் வருஷம் தை மாதம், பொங்கல் கழிந்த நான்காம் நாள் சாயங்காலம் அந்த ஊருக்குக் கரண்ட் வந்தது. கீழச்சிவல்பட்டியிலிருந்து வடக்கே இரண்டு மைல் நடந்தால் வரும் ஊர் அது. மொத்தமே அறுபது வீடு. தெருவில் மூன்று விளக்கு போட்டிருந்தார்கள். மூன்றாவது விளக்கு, கண்மாய்க்குப் போகிற பாதை திரும்பும் முக்கில், முத்தழகு டீச்சர் வீட்டுக்கு நேர் எதிரே நின்றது.

அந்த முக்குக்கு விளக்கு கேட்டு மனு எழுதியதே முத்தழகுதான். முந்தின வருஷம் ஐப்பசியில் முத்தப்பனின் மகள் அழகியை அங்கேதான் விரியன் கடித்தது. இரண்டாம் வகுப்பில் முத்தழகுவிடம் படித்த பிள்ளை. வண்டி கட்டி திருப்பத்தூருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து முத்தழகு உட்கார்ந்து கலெக்டருக்கு இரண்டு பக்கம் எழுதினாள். அழகியின் பெயரையும் வயதையும் போட்டு, கம்பம் எங்கே நட வேண்டும் என்று படமும் வரைந்து, ஊராரிடம் கைநாட்டு வாங்கி அனுப்பினாள்.

பஞ்சாயத்துத் தலைவர் சின்னக்கருப்பு அம்பலம் சுவிச்சைப் போட்டார். குழல்விளக்கு மூன்று தடவை கண் சிமிட்டிவிட்டு நின்று எரிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். முத்தப்பன் மட்டும் கம்பத்தின் அடியில் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். முத்தழகு வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வாசலில் நின்றிருந்த அவள் தம்பி மருது இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, தோளால் கதவைத் தள்ளி உள்ளே ஓடிக்கொண்டிருந்தான்.

அன்று ராத்திரி மருது தூங்கவில்லை.

மருதுவுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அவனுக்கு என்ன என்று ஊரில் யாருக்கும் தெரியாது. கிறுக்கு என்றார்கள் சிலர். மந்தம் என்றார்கள். அவன் வயிற்றில் இருந்தபோது அவன் அம்மா ஏதோ பார்த்துப் பயந்துவிட்டாள் என்றார்கள். ஆட்டிசம் என்று அதற்கு ஒரு பெயர் உண்டென்பது அந்தப் பக்கத்துக்கு வந்துசேர இன்னும் பல வருஷங்கள் இருந்தன. அவனாக ஒரு வார்த்தை பேச மாட்டான். நாம் சொன்னதை நம் குரலிலேயே திருப்பிச் சொல்வான். கிணற்று உருளை சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே ஒரு பொழுதைக் கழிப்பான். புதுச்சட்டை உடம்பில் பட்டால் கழற்றி எறிந்துவிடுவான்; பத்து தடவை துவைத்து நைந்த பிறகுதான் போட்டுக்கொள்வான்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். தூக்கம்தான் அந்த வீட்டைத் தின்றது. கைப்பிள்ளையாக இருந்தபோதிருந்தே ராத்திரியில் இரண்டு மணி நேரம் தூங்கினால் அதிகம். மீதி நேரம் நடப்பான். கதவைத் திறப்பான், மூடுவான், தாழ்ப்பாளை இழுப்பான், தள்ளுவான். அப்பா அவர்களுடைய சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். அவனோடு விழித்திருந்தது அம்மா. அம்மா 1963-இல் போனாள். அன்றைக்கு ராத்திரியிலிருந்து விழித்திருப்பது முத்தழகுவின் வேலையாயிற்று. அப்போது அவளுக்கு இருபத்தைந்து.

அடுத்த வருஷம் நாச்சியாபுரம் பக்கத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல இடம். மழை பிடித்துக்கொண்டதால் அன்று ராத்திரி தங்கும்படி ஆயிற்று. விடிய விடியத் தாழ்ப்பாள் சத்தம். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து உட்கார்ந்தே இருந்தாள். காலையில் காப்பி குடித்துவிட்டு, தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். தகவல் வரவில்லை. அதற்குப் பிறகு யாரையும் வரச் சொல்ல வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

மூத்தவன் நாகநாதன் மதுரையில் மில் ஆபீசில் குமாஸ்தா. அவன் ஒரு தடவை வந்து மருதுவை அழைத்துப்போய் ஒரு டாக்டரிடம் காட்டினான். டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதைப் போட்டால் மருது எட்டு மணிக்கு விழுவான். மறுநாள் மத்தியானம் வரை எழ மாட்டான். எழுந்தாலும் வாயில் வைத்த சோற்றை மெல்ல மறந்து உட்கார்ந்திருப்பான். கிணற்று உருளையை அவன் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை என்று ஒருநாள் முத்தழகு கவனித்தாள். நாற்பதாவது நாள் மாத்திரைகளைக் குப்பைமேட்டில் கொட்டிவிட்டாள். நாகநாதனுக்குக் கோபம். "இனிமே அவன் பாடு, உன் பாடு" என்று ஒரு கார்டு எழுதிப் போட்டான்.

அந்தக் கார்டு வந்த வாரம்தான் அவள் எழுத ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்டிருந்த பழைய வருகைப் பதிவேடு ஒன்றை எடுத்துவந்து, நாளுக்கு ஒரு வரி. எப்போது படுத்தான், எப்போது எழுந்தான், அன்று என்ன சாப்பிட்டான், யார் வந்தார்கள். எதற்கு எழுதுகிறோம் என்று முதலில் அவளுக்கே தெரியவில்லை. ஒரு வருஷம் ஆனதும் பக்கங்களைத் திருப்பிப் பார்த்தாள். சாயங்காலம் காப்பி கொடுத்த நாள்களில் விடியும் வரை நடந்திருக்கிறான். கோயில் திருவிழாவுக்கு மைக் செட் கட்டினால் அடுத்த மூன்று நாளும் தூக்கம் போயிருக்கிறது. பாயை இடம் மாற்றிப் போட்ட ராத்திரிகளிலும் அப்படித்தான். அவள் அவசரமாகப் பேசி அவசரமாக வேலை செய்த நாளிலும்கூட.

அப்புறம் சாயங்காலங்களை அவள் ஒரே மாதிரி ஆக்கினாள். ஐந்து மணிக்குக் கண்மாய்க்கரையில் போய்த் திரும்ப ஒரு நடை. ஆறு மணிக்கு வெந்நீர். ஏழு மணிக்குத் தயிர்ச்சோறு, அதே வட்டிலில். எட்டு மணிக்கு அரிக்கேன் விளக்கின் திரியை இறக்கிவிட்டு, அதே இடத்தில் அதே பாயைப் போட்டு, "மருது, ராத்திரியாச்சு" என்பாள். "மருது, ராத்திரியாச்சு" என்பான் அவனும். வேறு பேச்சு கிடையாது. பகலில் அவன் கண் அயர்ந்தால் எழுப்பிவிடும்படி எதிர்வீட்டு அம்மாக்கண்ணுவிடம் சொல்லிவைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாள். இப்படியே இரண்டு வருஷம் ஆயிற்று, அவன் ஒன்பது மணியிலிருந்து மூன்று மணி வரை தொடர்ந்து தூங்குவதற்கு. மூன்று மணிக்கு எழுந்தால் கிணற்றடிக்கு அழைத்துப்போவாள். அவன் தண்ணீர் இறைப்பான், அவள் துணி துவைப்பாள்.

ஆனால் அந்த ஒழுங்குக்குள் வேறு யாருக்கும் இடமில்லை. பொழுது சாய்ந்தபின் ஒருவர் வந்து கதவைத் தட்டினால் போதும், ராத்திரி போய்விடும். "இருட்டுனா டீச்சர் வீட்டுப் பக்கம் போகாதீக" என்று பெண்கள் ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டார்கள். அதில் குரோதம் ஒன்றும் இல்லை, அவளுக்கு உதவியாகத்தான் சொன்னார்கள். விளக்கேற்றியபின் இன்னொரு மனுஷரோடு உட்கார்ந்து பேசி முத்தழகுவுக்கு ஐந்து வருஷம் ஆகியிருந்தது. மருது தூங்கிய அந்த ஆறு மணி நேரத்திலும் அவள் அரைத்தூக்கமாகத்தான் கிடப்பாள். எந்த நிமிஷத்தில் தாழ்ப்பாள் இழுபடுமோ என்று காது காத்துக்கொண்டே இருக்கும்.

இந்த நிலையில்தான் விளக்கு வந்தது.

வெளிச்சம் ஜன்னல் கம்பிகளின் வழியாகக் கூடத்தில் விழுந்தது. முற்றத்தின் வழியாகவும் வந்து சுவரில் படர்ந்தது. முத்தழகு ஜன்னலுக்குக் கம்பளி கட்டினாள். முற்றத்துக்குக் குறுக்கே பழஞ்சேலைகளைத் தைத்துத் தொங்கவிட்டாள். அப்படியும் அவன் படுக்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டு நடந்தான். மூக்கால் ஒரு சத்தம் போட்டான். "ம்ம்ம்" என்று ஒரே நீட்டு. மூச்சு முட்டும்போது நிறுத்துவான், மறுபடி ஆரம்பிப்பான். புதுசாக ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டதென்று அவள் நினைத்தாள்.

ஒன்பது நாள் இப்படிப் போயிற்று. எட்டாம் நாள் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தவள் நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள். கண் விழித்தபோது நாற்பது பிள்ளைகளும் சத்தமில்லாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தூங்கி எவ்வளவு நேரமாயிற்று என்று கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் தலைவர் வீட்டுக்குப் போனாள். சின்னக்கருப்பு அம்பலம் அவளுக்குச் சித்தப்பா முறை. களத்தில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வா ஆத்தா. தம்பிய விட்டுட்டு வந்திருக்க. என்ன சேதி?"

"சின்னையா, அந்த முக்கு விளக்கு. தம்பி தூங்கி ஒன்பது நாளாச்சு. ராத்திரி பத்து மணிக்கு மேல மட்டும் அதை அணைச்சு வைக்க முடியுமா?"

"ஒத்த விளக்க மட்டும் எப்படி ஆத்தா அணைக்கிறது? மூணுக்கும் சேத்து ஒரே சுவிச்சு."

"அப்ப கம்பத்தையாவது கொஞ்சம் அங்குட்டுத் தள்ளி நடச் சொல்லுங்க."

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "மனு எழுதுனதே நீதான். எந்த எடம்னு படம் போட்டுக் குடுத்ததும் நீதான். இப்ப நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஆபீசுல போய்க் கேப்பேன்? முத்தப்பன் காதுல விழுந்தா அவன் என்ன நினைப்பான்?"

முத்தழகு தரையைப் பார்த்தாள்.

"உன் கஷ்டம் எனக்குத் தெரியாம இல்ல. ராத்திரிக்கு மட்டும் ஒரு கயிறு போட்டுக் கட்டி வையி. ரெண்டு நாள் துள்ளுவான். அப்பறம் பழகிருவான்."

அவள் எழுந்து வந்துவிட்டாள்.

அன்று ராத்திரி இரண்டு மணி இருக்கும். மருது உள்ளே நடந்துகொண்டிருந்தான். முத்தழகு கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு வந்தாள். ஊர் அடங்கிக் கிடந்தது. காற்று இல்லை. நாய்கள்கூடச் சுருண்டு படுத்திருந்தன. விளக்கின் வெளிச்சம் வெள்ளையாக, பொடி மணல்கூடத் தெரியும்படி விழுந்திருந்தது. அவள் கம்பத்துக்குப் போய் அதில் சாய்ந்துகொண்டாள். வேறு எதற்கும் இல்லை, நிற்கத் தெம்பில்லாமல்தான். காது இரும்பில் பட்டது.

கம்பத்துக்குள் ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. வண்டு இரைவது போல, ஏறாமல், இறங்காமல், ஒரே நீட்டாக. காதை இன்னும் அழுத்தி வைத்தாள். வீட்டுக்குள்ளிருந்து மருதுவின் குரல் வந்தது. அதே சத்தம். அதே சுதி. ஒரு மயிரிழை கூடவோ குறையவோ இல்லை.

ஒன்பது ராத்திரியாக அவன் அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். அவளுக்குத்தான் கேட்கவில்லை.

அதன்பிறகு அவள் செய்ததை யோசித்துச் செய்தாள் என்று சொல்ல முடியாது. குனிந்து ஒரு கல்லை எடுத்து எறிந்தாள். அது விளக்கைத் தாண்டி அம்மாக்கண்ணு வீட்டு வைக்கோல் படப்பில் போய் விழுந்தது. இரண்டாவது கல் கம்பத்தில் பட்டு ணங்கென்றது. யாராவது எழுந்து வருகிறார்களா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் வரவில்லை. மூன்றாவது கல்லில் குழல் வெடித்து, கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. தெரு இருண்டது.

உள்ளே மருதுவின் சத்தம் நின்றுவிட்டது.

அவள் போய் விளக்குமாறு எடுத்துவந்து, இருட்டில் தடவித் தடவிக் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக் கம்பத்தின் அடியில் ஒதுக்கினாள். காலையில் பிள்ளைகள் வெறுங்காலோடு வருமே என்ற நினைப்பு. கூட்டிக்கொண்டிருக்கும்போதே, இந்த இருட்டில் இந்த முக்கில் தானும் வெறுங்காலோடு நிற்கிறோம் என்பது உறைத்தது. அழகி நினைவுக்கு வந்தாள். விளக்குமாற்றை அப்படியே பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே போனாள். மருது பாயில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவளும் வெறுந்தரையில் விழுந்தாள். வெயில் முகத்தில் அடிக்கும் வரை இருவரும் எழவில்லை.

தெருவில் கேட்ட சத்தம்தான் அவளை எழுப்பியது. மருது அவளுக்கு முன்னாலேயே எழுந்து வெளியே போயிருந்தான். கம்பத்தைச் சுற்றிக் கூட்டம். நடுவில் முத்தப்பன் மருதுவின் சட்டையைப் பிடித்திருந்தான்.

"யாருடா உடச்சது?"

"யாருடா உடச்சது" என்றான் மருது, அதே குரலில்.

முத்தப்பன் அறைந்தான். மருது கையை ஓங்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டு, "யாருடா உடச்சது, யாருடா உடச்சது" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். முத்தப்பன் மறுபடி கையைத் தூக்கியபோது முத்தழகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"முத்தப்பண்ணே, அவன விடுங்க. உடச்சது நான்."

யாரும் நம்பவில்லை. அம்மாக்கண்ணு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பிக்காகப் பழிய ஏத்துக்கிறீகளாக்கும். அவனுக்கு என்ன தெரியும் டீச்சர், யாரும் அவன ஒண்ணும் செஞ்சிர மாட்டாக. நீங்க உள்ள போங்க."

"மூணு கல்லு எறிஞ்சேன் அத்தை. மொதக் கல்லு ஒங்க படப்புல கெடக்கும். கண்ணாடியக் கூட்டி வச்சதும் நான்தான்."

அம்மாக்கண்ணு கம்பத்தின் அடியில் ஒதுக்கியிருந்த கண்ணாடிக் குவியலைப் பார்த்தாள். அவள் கை தானாக விலகியது.

முத்தப்பன் மருதுவின் சட்டையை விட்டான். முத்தழகுவின் முகத்தை வெகுநேரம் பார்த்தான். "எம்மக பேரப் போட்டு நீங்கதான டீச்சர் எழுதுனீக?"

"ஆமாண்ணே."

இன்னும் ஏதாவது சொல்வாள் என்று அவன் காத்துக்கொண்டு நின்றான். தம்பிக்குத் தூக்கம் வரவில்லை என்று அவனிடம் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. அவன் கீழே விழுந்து கிடந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். அதன்பின் அவன் அவளோடு பேசவே இல்லை.

சின்னக்கருப்பு அம்பலம் விஷயத்தை வெளியே விடவில்லை. காற்றில் உடைந்ததென்று ஆபீசுக்குச் சொல்லிவிட்டார். அதனால் அவள் வேலை தப்பியது. ஆனால் அவரும் அவளைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். கடுதாசி எழுதவும் படிக்கவும் அவளிடம் வந்துகொண்டிருந்தவர்கள் கீழச்சிவல்பட்டித் தபால்காரரிடம் போனார்கள். யாரும் அவளை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

நான்காம் நாள் புதுக் குழல் போட வயர்மேன் வந்தார். காளிதாஸ் என்று பெயர். நாற்பது வயது இருக்கும். நாச்சியாபுரத்துத் தச்சாசாரி குடும்பம். அப்பாவின் உளியை எடுக்காமல் கரண்ட் ஆபீசில் சேர்ந்தவர். ஏணியைச் சாய்த்து ஏறி, குழலை மாட்டி, பகலிலேயே போட்டுப் பார்த்தார். விளக்கு எரிந்த மறுநிமிஷம் வீட்டுக்குள்ளிருந்து மருதுவின் "ம்ம்ம்" ஆரம்பித்தது.

காளிதாஸ் ஏணியிலேயே நின்று தலையைச் சாய்த்துக் கேட்டார். வாசலில் நின்ற முத்தழகுவைப் பார்த்துச் சொன்னார்: "உள்ள யாரு டீச்சர்? சுதி பிசகாமப் பிடிக்கிறாரு."

பிடிக்கிறாரு. அந்த ஊரில் யாரும் மருதுவை அப்படி மரியாதையாகச் சொன்னதில்லை, அவளையும் சேர்த்து. அவள் வாசற்படியைவிட்டு இறங்கி ஏணியடிக்கு வந்தாள்.

"என் தம்பி. அந்தச் சத்தம் அவனுக்கு ஆகல. ஒங்களுக்குக் கேக்குதா?"

"கேக்குது. குழலுக்கு மேல இருக்கிற சோக்குப் பெட்டிக்குள்ள தகடு லூசாயிருக்கு. ஊர்ல பாதிப் பேருக்கு இது கேக்காது. கேக்குறவுகளுக்குத் தலைக்குள்ள வண்டு குடைஞ்ச மாதிரி இருக்கும்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கல் எறிந்ததையும் சொன்னாள். அவர் ஏணியில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு இறங்கிவந்து, பழைய சைக்கிள் டியூப் இருக்கிறதா, மண்ணெண்ணெய் டின் இருக்கிறதா என்று கேட்டார். ரப்பரைத் துண்டு போட்டுச் சோக்குக்கு அடியில் கொடுத்து முடுக்கினார். டின்னை வெட்டி விரித்து, வீட்டுப் பக்கம் வெளிச்சம் விழாதபடி மறைப்புக் கட்டினார்.

"முக்குல வெளிச்சம் கொறையாது. பாம்பு கெடந்தா தெரியும். ஒங்க வீட்டுப் பக்கம் மட்டும் மறைக்கும். இது ரூல்படி செய்யக் கூடாதது, யாரும் கேட்டா தெரியாதுன்னு சொல்லிருங்க."

இவ்வளவுதான் வேலை. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

அவள் காப்பி போட்டுக் கொடுத்தாள். கிணற்றடியில் நின்றே குடித்தார். மருது அவரைப் பார்க்காதது போல உருளையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஜன்னல் இல்லாத ரூம் ஏதும் இருக்கா டீச்சர்? நானும் ராத்திரி டூட்டி பாத்துட்டுப் பகல்ல படுக்கிறவன்தான். கும்மிருட்டா இருந்தாத்தான் எனக்குக் கண் மூடும்."

"நெல் போடுற அறை இருக்கு. ஆனா பாயை எடம் மாத்துனா இவன் படுக்க மாட்டான்."

"ஒரேயடியா மாத்தாதீக. கொஞ்சங் கொஞ்சமா மாத்திப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை எடுத்தார்.

அவள் அப்படித்தான் செய்தாள். ஒரு ராத்திரிக்கு ஒரு முழம். கூடத்தின் மூலையிலிருந்து நெல்லறையை நோக்கிப் பாய் நகர்ந்தது. ஒருநாள் அவசரப்பட்டு இரண்டு முழம் நகர்த்தினாள். அன்று அவன் பாயைச் சுருட்டிப் பழைய மூலைக்கே கொண்டுபோய்விட்டான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மாசி பாதி கழிந்தபோது பாய் அறைக்குள் போய்விட்டது.

அந்த மாசியில் அறுவடை முடிந்து நெல் மூட்டைகளைக் கொண்டுவந்து அறையில் அடுக்கினார்கள். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் மருது மூட்டைகளுக்கு நடுவில் மல்லாந்து கிடக்கிறான், அரை மூட்டை நெல்லைத் தொடையின்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு. பதறிப்போய் இழுத்துத் தள்ளினாள். அவன் அதை மறுபடி இழுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டான். முகத்தில் இறுக்கம் ஒன்றும் இல்லை. கையும் காலும் ஆடாமல் அப்படி அடங்கிக் கிடந்து அவள் அவனைப் பார்த்ததே இல்லை. பாரம் அவனுக்குப் பிடிக்கிறதென்று அவளுக்குப் புரிந்தது. பழஞ்சேலைகளை மடித்து, கட்டம் கட்டமாகத் தைத்து, கட்டத்துக்கு ஒரு கை நெல் வைத்து ஒரு போர்வை செய்தாள். பத்தே நாளில் எலி கடித்துவிட்டது. நெல்லைக் கொட்டிவிட்டுப் புளியங்கொட்டை வைத்துத் தைத்தாள். எலி அண்டவில்லை. தலையிலும் மார்பிலும் பாரம் ஏறாமல், இடுப்பிலிருந்து கால் வரை மூடிக்கொண்டு, மருது துணிக்குள் கொட்டைகளை விரலால் நகர்த்தியபடியே தூங்கிப் போவான். பங்குனியில் அவன் எழும் நேரம் மூன்று மணியிலிருந்து நான்காயிற்று. ஆவணிக்குள் நான்கு ஐந்தாயிற்று.

முத்தழகு பதிவேட்டில் எழுதினாள்: எட்டரைக்குப் படுத்தான், ஐந்துக்கு எழுந்தான். எழுதி முடித்துப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அம்மாக்கண்ணு வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாசல் வரை போய்விட்டுத் திரும்பினாள்.

காளிதாஸ் இதற்குள் இரண்டு தடவை வந்திருந்தார். இந்தப் பக்கம் வேலையாக வந்தேன், சோக்கு எப்படி இருக்கிறதென்று பார்த்துவிட்டுப் போகிறேன் என்பார். காப்பி குடித்துக்கொண்டே அரை மணி நேரம் பேசுவார். கம்பத்து உச்சியிலிருந்து பார்த்தால் கண்மாய் எப்படித் தெரியும் என்று ஒரு தடவை சொன்னார். பாய் எத்தனை முழம் நகர்ந்தது என்று மறக்காமல் கேட்டார். அவருக்குக் குடும்பம் இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. புளியங்கொட்டைப் போர்வையை அவரிடம் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தெருவில் சைக்கிள் மணி கேட்டால் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். ஐப்பசியில் வேறொரு வயர்மேன் வந்தார். காளிதாஸுக்குப் பரமக்குடிக்கு மாற்றல் ஆகிவிட்டதென்று சொன்னார். "அப்படியா" என்றாள் முத்தழகு.

1972 பங்குனியில், பங்காளிகள் எல்லாரும் கூடிக் குலதெய்வத்துக்குப் படையல் போடும் படைப்பு வந்தது. நாகநாதன் மனைவி விசாலத்தையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மதுரையிலிருந்து வந்தான். எட்டு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் வேறு ஆட்கள் தங்கினார்கள். பிள்ளைகள் போடும் சத்தத்தில் எல்லாம் கெட்டுவிடும் என்று முத்தழகு ஒரு வாரமாகப் பயந்துகொண்டிருந்தாள். அதற்காக, அவர்கள் வருவதற்குப் பத்து நாளுக்கு முன்பிருந்தே தினமும் மருதுவிடம் நாகநாதன் பெயரைச் சொல்லி, அண்ணன் வருவார், பிள்ளைகள் வரும், மூன்று ராத்திரி இருப்பார்கள், அப்புறம் போய்விடுவார்கள் என்று ஒரே மாதிரி சொல்லிவந்தாள். அவன் அதை அப்படியே திருப்பிச் சொல்லுவான்.

அவர்கள் வந்த அன்று ராத்திரி எட்டரை மணிக்கு மருது உட்கார்ந்திருந்த இடத்தைவிட்டு எழுந்தான். யாரையும் பார்க்காமல் நெல்லறைக்குள் போனான். போர்வையின் கொட்டைகள் சலசலக்கிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

விசாலம் ஆச்சரியப்பட்டாள். "என்ன முத்தழகு, ஒந்தம்பி கோழி மாதிரி நேரத்துக்கு அடைஞ்சுட்டான். என்னமோ ராத்திரியெல்லாம் நடப்பான், அங்க போய் நாம தங்க முடியாதுன்னு இவுக சொல்லிக்கிட்டு இருந்தாக."

"வயசு ஏற ஏறத் தானா சரியாயிருச்சு. இதெல்லாம் அப்படித்தான்" என்றான் நாகநாதன். தலைக்குக் கையை வைத்துப் படுத்துக்கொண்டான். "இப்ப ஒனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. நிம்மதியாத் தூங்கலாம். அப்பறம் ஏன் இப்படி இளைச்சுப் போயிருக்க? ஒழுங்காச் சாப்பிடுறதில்லையா?"

முத்தழகு வாயைத் திறந்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தாள். கம்பத்திலிருந்தா, கல்லிலிருந்தா, ஒரு முழம் ஒரு முழமாகப் பாய் நகர்ந்ததிலிருந்தா. ஆரம்பித்தாலும் நாகநாதன் பாதியில் தூங்கிவிடுவான் என்று தோன்றியது.

"சாப்பிடுறேண்ணே" என்றாள்.

விசாலம் மதுரையில் சினிமாக் கொட்டகைக்குப் பக்கத்தில் வீடு பார்த்திருப்பதைச் சொல்ல ஆரம்பித்தாள். மேல்மாடி, குழாய்த்தண்ணீர், வாடகைதான் கொஞ்சம் கூடுதல் என்றாள். முத்தழகு கேட்டுக்கொண்டே பிள்ளைகளுக்குத் தலையணை எடுத்துக் கொடுத்தாள். கடைசிப் பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டது. சற்று நேரத்தில் நாகநாதனின் குறட்டை கேட்டது. விசாலத்தின் பேச்சும் மெல்ல மெல்ல இடைவெளி விட்டு, ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றுபோயிற்று.

முத்தழகு விளக்கின் திரியை இறக்கினாள். நெல்லறை வாசலில் சேலைத் தலைப்பை விரித்துப் படுத்தாள். படுத்தபடி ஒவ்வொரு மூச்சாகப் பிரித்துக் கேட்டாள். இது அண்ணன், இது மதினி, இது சின்னவன். அறைக்குள்ளிருந்து வருவது மருது. சீராக, ஆழமாக வந்துகொண்டிருந்தது. மூடினால் தூங்கிவிடலாம்போல் கண் எரிந்தது. ஆனால் தூக்கம் வரவில்லை. அவளுக்கு அது பழகிப் பல வருஷமாயிற்று. வீடு முழுக்க ஆட்கள் படுத்துக் கிடக்க, அவள் ஒருத்தி மட்டும் ஓட்டுக்கூரையைப் பார்த்துக்கொண்டு விழித்திருந்தாள்.